எக்ஸ் கதிர்க் கலையும் நம் இளைஞரும்

கண்ணுக்குப் புலப்படாத கதிர் ஒன்று நோயறியும் கருவியான வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று. 1895 நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியாரின் கை எலும்புகளைப் படமாக்கினார். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. எனினும் அவர் காப்புரிமை கோராது, அதனை உலகின் பொதுவுடைமையாக விட்டுவிட்டார்.

தீங்கறியாமல் அக்கதிரைக் கையாண்டோர் பெரும் விலை கொடுத்தனர். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, தம் கைகளையே கதிர்முன் நீட்டிச் சோதித்து வந்தவர். புற்றுநோயால் இரு கைகளையும் இழந்து 1904-இல் மாண்டார். இவ்வாறு உயிர்நீத்தோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுக்கல் 1936-இல் ஹாம்பர்க் நகரில் எழுந்தது.

முதல் உலகப் போரில் மேரி கியூரி அம்மையார் எக்ஸ் கதிர்க் கருவி பொருத்திய ஊர்திகளைப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். கருவி மட்டும் போதாது, இயக்க வல்லார் வேண்டும் எனக் கண்டு, ஏறத்தாழ 150 பெண்களுக்கு மின்னியல், உடற்கூறு, படம் கழுவும் முறை ஆகியவற்றைப் பயிற்றுவித்தார். மருத்துவர் அல்லாதாரும் முறையான பயிற்சியால் உயிர் காக்கும் பணியில் நிற்க இயலும் என்பதற்கு இதுவே சான்று.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் அமைந்தது. பத்தாண்டு கழித்து, அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-இல், பள்ளியிறுதிக்கு மேல் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மத்திய அரசின் உதவித்தொகை பிறந்தது. இவ்விரண்டையும் இணைத்துக் கொள்ளுதல் நம் பொறுப்பு.

இன்று மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் பட்டயமோ பட்டமோ பெறலாம். பட்டயம் ஈராண்டு, பட்டம், பயிற்சிக் காலமும் சேர, நான்காண்டு. உடற்கூறு, கதிர் இயற்பியல், நோயாளியைக் கிடத்தும் முறை, ஈய மேலங்கியும் கதிர் அளவும் பற்றிய காப்பு விதிகள் யாவும் அதில் அடங்கும். சில மாதங்களில் வேலை என விளம்பரம் செய்த அங்கீகாரமற்ற பயிற்சிக் கூடங்களில், தாயின் நகையை அடகு வைத்த பணத்தைக் கட்டி ஏமாந்த பிள்ளைகளை நாம் அறிவோம். அரசு அங்கீகாரம் உண்டா, மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி உண்டா என்னும் இரு வினாக்களைக் கேளாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

தொட்டால் தீட்டு என ஒதுக்கப்பட்டோரின் மக்கள் நாம். எக்ஸ் கதிர்க் கூடத்தில் நோயாளியின் தோளைத் தொட்டுத் திருப்பாமல் படமெடுக்க இயலாது. அங்கே நம் பிள்ளைகளின் கை தேர்ந்த கையாக நிற்கவேண்டும். அதற்குரிய கல்வியை இன்றே தொடங்குவோம்.