தொட்டிக்குள் செம்பூராங்கல்

கண்ணாடித் தொட்டியில் மீனோடு செடியும் வளர்ப்பவர்களுக்கு, அடியில் எந்த மண்ணைப் போடுவது என்பதுதான் பெரிய தலைவலி. ஆற்று மணல் மட்டும் போதாது. அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். செடிக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. 1980களில் ஜெர்மனியிலிருந்து ஒரு விடை வந்தது. காஸ்பர் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் இருவரும் எழுதிய 'ஆப்டிமம் அக்வேரியம்' என்ற புத்தகம், மணலின் கீழடுக்கில் லேட்டரைட் கலக்கச் சொன்னது. அவர்களின் டூப்ளா நிறுவனம் அதை விற்கவும் செய்தது.

வேடிக்கை என்னவென்றால், லேட்டரைட் என்ற பெயரே பிறந்தது தென்னிந்தியாவில்தான்! திப்பு சுல்தான் வீழ்ந்த மறுவருடம், 1800-ல், கம்பெனி அரசு பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டரைச் சென்னையிலிருந்து மைசூர் வழியாக மலபாருக்கு அனுப்பியது. இன்றைய கேரளத்தின் அங்காடிப்புறத்தில் வீடு கட்ட ஒரு கல்லை வெட்டுவதை அவர் பார்த்தார். தோண்டும்போது இரும்புக் கருவியால் எளிதாக வெட்டலாம். காற்றுப் பட்டால் செங்கல் போல இறுகிவிடும். லத்தீனில் செங்கல்லுக்கு 'லேட்டர்' என்று பெயர். 1807-ல் அச்சான அவருடைய பயண நூலில் லேட்டரைட் ஏறியது அப்படித்தான். நம் புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்பூராங்கல்லும் இதே இனம்.

காலங்காலமாக மழை கழுவிய பாறை இது. சுண்ணாம்பும் பொட்டாசியமும் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சியிருக்கின்றன. தொட்டியில் மணலுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு என்பதால், துருவாக இருக்கும் இரும்பு அங்கே கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. ஆனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் இதில் அநேகமாக இல்லை. இதையே முழு உணவு என்று நம்பிப் பணம் கொட்டினால் செடி பட்டினிதான்.

1999-ல் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட், சாதாரண மண்ணை ஜல்லிக்கு அடியில் பரப்பினாலே போதும் என்று புத்தகம் போட்டு வாதிட்டார். காவிரிக் கரைக்காரர்களுக்கு இது புதிதா என்ன? தண்ணீர் நிற்கும் நெல் வயலில் இரும்பு கரைவதும் இதே முறையில்தான்.

திருச்சி புத்தூரில் தொட்டி வைப்பவர் பாக்கெட் வாங்காமலே சமாளிக்கலாம், இடம் பார்த்து எடுத்தால். உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் ஊருக்குள் சாக்கடை கலப்பதால் அந்தச் சேறு ஆகாது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணும் வேண்டாம், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை மண்ணில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.