வாயிலும் வழியும்
யாழ்ப்பாணக் குடாநாட்டில் எளிய பாடசாலை மாணவரின் உயர்கல்வி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வி வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பெருங் கல்லூரிகளின் வரலாற்றையே எழுதிச் சென்றுள்ளனர். வட்டுக்கோட்டைச் செமினரியின் பெருமையும், வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையின் தொண்டும், நகரக் கல்லூரிகள் ஈன்ற வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகளின் புகழும் பலராலும் விரித்துரைக்கப்பட்டுள்ளன. இவை போற்றத்தக்கவையே. எனினும், ஓலைக் கொட்டிலிலே ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருங்கே நடத்திய சிறு பாடசாலைகளும் இக்குடாநாட்டில் இருந்தன. கல்வியிற் சிறந்த நாடு என்ற பெயரின் நிழலிலே அவை கண்ணுக்குத் தெரியாமற் போயின. அத்தகைய பாடசாலை ஒன்றிலிருந்து உயர்கல்வியை நாடிய மாணவர் எதிர்கொண்ட தடைகள் யாவை, அவை காலந்தோறும் எவ்வாறு உருமாறின என்பதை நோக்குதல் அவசியமாகின்றது.

இவ்வரலாற்றில் ஒரு பொதுப் போக்கினைக் காணலாம். ஒவ்வொரு காலத்திலும் ஒரு தடை நீக்கப்பட்டது. ஆனால் நீக்கப்பட்டது வாயிலில் நின்ற தடையே. அவ்வாயில்வரை மாணவரைக் கொண்டுசென்று சேர்க்கவேண்டிய வழி, அதாவது அவர் பயின்ற பாடசாலை, பெரும்பாலும் இருந்தவாறே விடப்பட்டது.

தொடக்கமும் மரபும்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1823இல் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் ஆகிய துறைகளில் ஆசியாவிலேயே குறிப்பிடத்தக்க உயர்கல்வி நிலையமாக விளங்கியது. 1855இல் அது மூடப்பட்டது. கிராமியத் தாய்மொழிப் பாடசாலைகளுக்கே முதன்மையளிக்க வேண்டும் என்ற மிஷன் தலைமையின் கொள்கை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். எனினும் ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்குரிய திறவுகோல் என்பதை அதற்குள் குடாநாட்டார் உணர்ந்துவிட்டனர். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியமை இவ்வுணர்வின் வெளிப்பாடே. மறுபுறம், ஆறுமுக நாவலர் 1848இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, சைவச் சூழலிற் கல்வி என்ற இயக்கத்துக்கு வித்திட்டது. 1923இல் உருவாகிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், சு. இராசரத்தினத்தின் அயராத முயற்சியினால் ஊர்தோறும் சைவப் பாடசாலைகளை நிறுவியது.

இவ்விரு இயக்கங்களும் கல்வியைப் பரப்பின என்பதில் ஐயமில்லை. ஆயின் அன்றைய கல்வி அமைப்பு இரு தட்டுகளைக் கொண்டிருந்தது. தாய்மொழிப் பாடசாலையிற் கட்டணம் இல்லை; உத்தியோகமும் இல்லை. ஆங்கிலப் பாடசாலையில் உத்தியோகத்துக்கு வழி இருந்தது, கட்டணமும் இருந்தது. தோட்டங்களில் துலா மிதித்தும், கடலில் வலை வீசியும், மரமேறியும் பிழைத்த குடும்பத்தின் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும், தாய்மொழிப் பாடசாலையின் மேல்வகுப்போடு அவனது பாதை முடிந்துவிட்டது.

சமாசனம்

ஒடுக்கப்பட்ட சாதிகளிற் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கீழ்த்தட்டிலும் இடம் எளிதிற் கிடைக்கவில்லை. பல பாடசாலைகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொண்டவற்றிலும் ஏனைய மாணவர் வாங்கில் அமர, அவர்கள் நிலத்திலோ புறத்திண்ணையிலோ இருந்து படிக்கவேண்டியிருந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையிலே தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பியது. அதன் அழைப்பையேற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகள் எல்லா மாணவருக்கும் சமாசனம் அளித்தல் வேண்டும் எனக் கல்விப் பகுதியினர் பணித்தனர். இதற்கு எழுந்த எதிர்ப்புக் கடுமையானது. 1930ஐ ஒட்டிய காலத்திற் பல பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. கல்வியைத் தன் முதலாகக் கொண்ட ஒரு சமூகம், அம்முதலைப் பகிர்வதிலும் பார்க்கக் கொளுத்திவிடுதல் மேல் எனத் துணிந்த காலமும் இருந்தது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

பிறர் கதவு திறக்கும்வரை எல்லோரும் காத்திருந்தனர் என்று கருதுதல் தவறு. வடமராட்சியில் கா. சூரன் என்னும் பெரியார் தம் சமூகத்துப் பிள்ளைகளுக்கெனத் தேவரையாளியில் ஒரு சைவப் பாடசாலையை உருவாக்கினார். சைவப் பாடசாலை இப்பிள்ளைகளைப் புறந்தள்ளியது. மிஷன் பாடசாலை சமயத்தை விலையாகக் கேட்டது. இரண்டுக்கும் உடன்படாது தாமே ஒரு பாடசாலையை எழுப்பிய இச்செயலின் துணிவு எண்ணுந்தோறும் வியப்பளிப்பது. அன்று சிறு வித்தியாசாலையாகத் தோன்றியது இன்று தேவரையாளி இந்துக் கல்லூரியாக விளங்குகின்றது. பின்னர் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் இவ்வழியே நின்று, கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் வேண்டும் எனப் போராடியது. அதன் தலைவராக விளங்கிய எம். சி. சுப்பிரமணியம் 1970இல் நியமனப் பாராளுமன்ற உறுப்பினரானார்.

எனினும் வாங்கில் இடம் கிடைத்ததும் அவமதிப்பு நீங்கிவிடவில்லை. 1927இற் பிறந்த எழுத்தாளர் டொமினிக் ஜீவா, தம் குலத்தொழிலைச் சுட்டி ஆசிரியரொருவர் கூறிய இழிசொல்லைப் பொறாது இளமையிலேயே பாடசாலையை விட்டு நீங்கியதைப் பின்னாளிற் பதிவு செய்துள்ளார். பாடசாலை கைவிட்ட அவர் 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கிப் பல தசாப்தங்களாக நடத்தினார். இதனை முயற்சியின் வெற்றி எனப் பாராட்டுவது எளிது. ஆனால் அவரைப்போல் வெளியேறி, பெயரின்றி மறைந்தவர்களின் தொகையை எவரும் கணக்கிட்டதில்லை.

இலவசக் கல்வியின் வரவு

1931இல் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டதன் பயன் கல்வியிலும் தென்பட்டது. கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்புத் தொட்டுப் பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லை என்ற கொள்கை, இரு தட்டுகளுக்கு இடையே நின்ற சுவரைப் பெருமளவுக்குத் தகர்த்தது. நகரங்களுக்கு வெளியே மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் நடத்தப்பட்ட புலமைப்பரிசிற் பரீட்சை, திறமையுடைய கிராமத்துப் பிள்ளைகளை அவற்றுக்குத் தெரிந்தெடுத்தது. தீவகத்தில் வேலணை மத்திய கல்லூரி ஆற்றிய பணி இத்திட்டத்தின் பயனுக்குச் சான்றாகும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் சாதி வேற்றுமை பாராட்டுதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின. 1960களில் பல்கலைக்கழகக் கல்வியும் தாய்மொழிக்கு மாறியது.

இம்மாற்றங்களால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒரு தலைமுறைக்கு முன்னர் பேராதனையைக் கனவிலும் காணாத குடும்பங்களிலிருந்து பட்டதாரிகள் தோன்றினர். ஆயினும் இரு குறைபாடுகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, புலமைப்பரிசில் தனி மாணவரை உயர்த்தியது. அவரை உருவாக்கிய பாடசாலையை உயர்த்தவில்லை. சிறந்த மாணவர் ஆண்டுதோறும் வெளியேற, அம்மாணவரின் பெற்றோர் காட்டிய அக்கறையும் உடன் வெளியேறியது. எஞ்சிய பாடசாலை முன்னையிலும் நலிந்தது. இரண்டாவது, விஞ்ஞானக் கல்விக்கு ஆய்வுகூடமும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் வேண்டும். சிறிய பாடசாலைகளில் உயர்தர வகுப்பு இருப்பினும், அது கலைப்பிரிவாகவே இருந்தது. பின்னாளில் வகுக்கப்பட்ட பாடசாலைத் தரப்பாகுபாடு இதனை வெளிப்படையாகவே காட்டுகின்றது. ஒன்று ஏபி வகைப் பாடசாலையில் மட்டுமே விஞ்ஞான உயர்தரம் உண்டு. ஒன்று சீ வகையிற் கலையும் வணிகமும் மட்டுமே உண்டு. இரண்டாம், மூன்றாம் வகைப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பே இல்லை. எனவே வைத்தியராக விரும்பிய கிராமத்து மாணவி, பரீட்சை வினாத்தாளைக் காணுமுன்பே தன் பாடசாலையின் வகையினால் தடுக்கப்பட்டாள்.

தரப்படுத்தலும் மாவட்டமும்

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் இருமொழி மாணவருக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் தமிழ் மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு அவை முறையே 227, 250 ஆகும். 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டப் பங்கீடும் நடைமுறைக்கு வந்தன. மாவட்டத்தின் சனத்தொகைக்கேற்ப இடங்கள் ஒதுக்கப்பட்டபோது, 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 5.5 விழுக்காட்டினையே கொண்டிருந்த யாழ்ப்பாண மாவட்டம் பேரிழப்புக்குள்ளானது. மொழியின் பெயரால் புள்ளி வேறுபடுத்தப்பட்டமை அநீதி என்பதும், தமிழ் இளைஞரின் அரசியலை அது திசைதிருப்பியது என்பதும் பலராலும் ஆராயப்பட்டவை. மாவட்டப் பங்கீட்டினால் மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களின் மாணவர் சிலர் பயன்பெற்றனர் என்பதும் அவ்வாறே ஏற்கப்பட வேண்டியது.

அதிகம் ஆராயப்படாத பக்கம் ஒன்றுண்டு. மாவட்டம் என்ற அளவுகோல், யாழ்ப்பாண மாவட்டம் முழுவதையும் வளமுடைய ஒரே பாடசாலையாகக் கருதியது. ஆய்வுகூடமும் நூலகமும் வாய்ந்த நகரக் கல்லூரி மாணவரும், நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து வரவேண்டிய மாணவரும், வடமராட்சி கிழக்கின் கரையோரப் பாடசாலை மாணவரும் ஒரே பங்குக்காகப் போட்டியிட்டனர். 1984இற் கிளிநொச்சி தனி மாவட்டமாகும்வரை அங்குள்ள குடியேற்றத் திட்டங்களின் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தார் என்றே கணிக்கப்பட்டனர். பங்கு சுருங்கியபோது நகரக் கல்லூரி சில இடங்களை இழந்தது. சிறிய பாடசாலையோ தனக்கிருந்த ஓரிரு வாய்ப்பையும் இழக்க நேர்ந்தது. யாழ்ப்பாண மாணவர் என்று ஒரே குரலில் எழுந்த எதிர்ப்பில் இவ்வேறுபாட்டைப் பேச இடமிருக்கவில்லை. அரசின் கணக்கிலும் எதிர்ப்பின் முழக்கத்திலும் ஒருங்கே காணாமற்போனவர் எளிய பாடசாலை மாணவரே.

1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டதும், 1981இல் மகாபொல நிதியம் நிறுவப்பட்டதும் ஆறுதலளித்த நிகழ்ச்சிகளாம். வீட்டுக்கு அருகே பல்கலைக்கழகம் அமைந்தமை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப இயலாத குடும்பங்களுக்குப் பெருவாய்ப்பாயிற்று. ஆனால் இவையும் அனுமதி பெற்றவர்க்குரிய உதவிகளே என்பது கருதத்தக்கது. அதே காலத்தில் நகரத்திலும் சந்திகளிலும் பெருகிய ரியூட்டரிகள், பாடசாலை தராததைப் பணத்துக்குத் தந்தன. 1945இல் ஒழிக்கப்பட்ட கட்டணம் இவ்வாறு பின்வாசலால் மீண்டும் உள்ளே வந்தது.

போர்க்காலம்

போரின் துன்பம் எல்லாப் பாடசாலைகளையும் தாக்கியது. ஆயின் தாங்கும் வலிமை ஒரே அளவினதாக இருக்கவில்லை. 1990இல் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான அந்நாட்களில், ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெயிட்டு எரித்த விளக்கின் ஒளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் பல, காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி உட்பட, தம் கட்டடங்களை விட்டு இடம்பெயர்ந்தன. 1995 செப்டெம்பர் 22இல் வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது விமானப் படையினர் குண்டு வீசியதில் மாணவர் பலர் உயிரிழந்தனர். அடுத்த மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ பிள்ளையை அனுப்ப வசதியுள்ளோர் அனுப்பினர். அனுப்ப இயலாதோரின் பிள்ளைகள் மரநிழலில் நடந்த வகுப்புகளிற் கல்வியைத் தொடர்ந்தனர். போர் முடிந்தபின் பெருங் கல்லூரிகளைப் பழைய மாணவர் சங்கங்கள் இலண்டனிலும் தொரன்ரோவிலும் இருந்து தாங்கின. வெளிநாட்டிற் சங்கம் அமைக்கத்தக்க பழைய மாணவரைப் பெற்றிராத பாடசாலைக்கு அத்தாங்குதல் கிட்டவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தடைகள் ஒழிந்தன என்பதிலும் பார்க்க இடம்மாறின என்பதே பொருந்தும். சாதி வாயிலில் நின்றபோது சமாசனம் வேண்டப்பட்டது. பணம் நின்றபோது இலவசக் கல்வி வந்தது. சட்டம் வாயிலைத் திறந்துவிட்டபோது, பாடசாலையின் தரமே தடையாயிற்று. இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சிறப்பிடம் உண்டு.  ஆனால் பின்தங்கிய பாடசாலை என ஒரு பட்டியல் அனுமதிக்கு அடிப்படையாக வகுக்கப்படவில்லை. 

மாவட்டத்தின் சராசரி எந்தப் பிள்ளையின் வாழ்வுமன்று. கல்விப் பெருமை பேசும் இக்குடாநாடு, தன் பெருமையைத் தன் சிறந்த கல்லூரியின் பெறுபேற்றால் அளவிடாது, மிக எளிய பாடசாலையின் கடைசி வாங்கிலிருந்து எத்தனை பேர் மேலேறினர் என்பதால் அளவிடத் தொடங்க வேண்டும். தேவரையாளியில் அன்று எழுப்பப்பட்ட சிறு பாடசாலை உணர்த்தும் பாடமும் அதுவே. வாயில் திறக்கும் எனக் காத்திருத்தல் போதாது. வழியையும் அமைத்தல் வேண்டும்.