ரன்சிபிள்

ஆங்கில அகராதிகளில் இடம்பிடித்தும் பொருள் பிடிபடாத சொல் இது. படைத்தவர் ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் லியர். ஆந்தையும் பூனையும் பச்சைப் படகேறிப் போய் மணம் முடிக்கும் அவருடைய பாட்டு 1871இல் நூலில் வந்தது. அந்தக் கல்யாண விருந்தை இரண்டும் உண்பது 'ரன்சிபிள் கரண்டி'யால். அது என்ன கரண்டி? லியர் சொல்லவே இல்லை.

ஆனால் வரைந்திருக்கிறார். அடுத்து வந்த நூலில், இரவுச் சாப்பாட்டுக்குப் புள்ளித் தவளை பிடிக்கும் வாத்து ஒன்று பயன்படுத்துவது இதே கரண்டியைத்தான். படத்தில் தெரிவது நீளக் காம்பும் குழிந்த தலையுமாக, நம் அகப்பையைப் போன்ற ஒன்று. முள் எதுவும் இல்லை. இருந்தும் பிற்கால அகராதிகள், மூன்று அகன்ற முள்ளும் வெட்டும் விளிம்பும் கொண்ட ஊறுகாய் முள்கரண்டி என்று பொருள் எழுதின! லியரோ பூனைக்கும் தொப்பிக்கும்கூட இதே அடைமொழியைத் தந்திருக்கிறார்.

'பெருத்தது' என்று பொருள்படும் ரவுன்சிவல் என்ற பழஞ்சொல்லோடு இதைச் சிலர் இணைப்பதுண்டு. எனக்கு ஓசைதான் வேர் என்று படுகிறது. 'இபிள்' என முடியும் அடைமொழிகள் ஆங்கிலத்தில் ஏராளம். காதுக்குப் பழகிய வால், யாரும் கேட்டிராத தலை; அதனால்தான் குழந்தைகள் தடுக்காமல் சொல்லிவிடுகிறார்கள். தமிழில் பெயர்ப்பவர்கள் தயவுசெய்து இதை 'முள்கரண்டி' ஆக்கிவிடாதீர்கள். ரன்சிபிள் ரன்சிபிளாகவே இருக்கட்டும்.