வல்லரசுகளின் போரும் தரங்கம்பாடித் திருச்சபையும்
மாணவர் கட்டுரைகளை முன்னிட்டுச் சில குறிப்புகள்

இறுதியாண்டு மாணவர்களுக்கு நாம் இவ்வாண்டு கொடுத்த கட்டுரைத் தலைப்பு, 'நாடுகளுக்கிடையே அதிகாரமும் மோதலும்: ஒரு திருச்சபை வரலாற்று நோக்கு' என்பதாகும். வந்த கட்டுரைகளைத் திருத்துகையில் ஒன்று நம் கண்ணில் பட்டது. ஏறத்தாழ எல்லாரும் வல்லரசுகளை ஒரு பக்கத்திலும் திருச்சபையை மறு பக்கத்திலும் நிறுத்தியே எழுதியிருந்தனர். வல்லரசுகள் மோதுகின்றன; திருச்சபை வருந்துகிறது, கண்டிக்கிறது, மன்றாடுகிறது. ஒரு மாணவர், கி.மு. 416இல் ஆதென்சு நகரத்தார் மேலோஸ் என்னும் சிறு தீவை அடிபணியவைத்த வரலாற்றைத் துசிடிடிஸ் எழுதியவாறு எடுத்துக்காட்டி, வலிமையின் முன் நீதியின் வழக்கு எடுபடுவதில்லை என்று முடித்திருந்தார். தேர்ந்த கட்டுரைதான். ஆயினும் அதிலும் திருச்சபை பார்வையாளர் வரிசையிலேயே அமர்ந்திருந்தது.

குற்றம் அவர்களுடையதன்று. 1910ஆம் ஆண்டின் எடின்பரோ மாநாட்டைக் கற்பித்துவிட்டு, நேரே 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான வரலாற்றுக்குத் தாவிவிடுவது நம் நெடுநாளைய வழக்கம். அத்தாவலில் விடுபட்டுப்போன ஆண்டுகளைக் குறித்தே இங்கு எழுத முற்படுகிறோம்.

எடின்பரோவில் ஏறக்குறைய 1,200 பேராளர்கள் கூடினர். ஜான் மோட் தலைமை வகித்தார், ஓல்டம் செயலராயிருந்தார். மேலைநாட்டு ஊழியரும் இந்தியரும் மெய்யான நட்பில் இணைய வேண்டும் என்று அசரியா அங்கே மனம் திறந்து பேசியதை நம் மாணவர் யாவரும் அறிவர். ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் அம்மண்டபத்தில் அருகருகே அமர்ந்து உலக நற்செய்திப் பணிக்குத் திட்டம் வகுத்தனர். நான்கே ஆண்டுகளில் அத்திட்டத்திற்கு நேர்ந்தது யாது?

1914 ஆகஸ்டு 2ஆம் நாள், ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் சமாதானத்திற்கான திருச்சபை மாநாடு ஒன்று தொடங்கிற்று. படைகள் ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டன. மறுநாளே பேராளர்கள் இரயிலேறித் தத்தம் நாடுகளுக்கு விரைய வேண்டியதாயிற்று. ஆங்கிலேயக் குவேக்கரான ஹென்றி ஹாட்ஜ்கினும் ஜெர்மானிய லுத்தரன் போதகரான சீக்மண்ட்-ஷுல்ட்சேயும் கொலோன் இரயில் நிலையத்தில் கைகோத்து, தம் நாடுகள் போரிட்டாலும் தாம் பகைவராவதில்லை என உறுதி செய்து பிரிந்தனர் என்பர்.

ஆனால் அவ்விருவர் சிறுபான்மையினர். 1914 அக்டோபரில், பெல்ஜியத்தின் நடுநிலைமையைத் தங்கள் நாடு மீறவில்லை என்று சாதித்து, ஜெர்மானியப் பேரறிஞர் 93 பேர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கையொப்பமிட்டோருள் அடோல்ப் ஹார்நாக்கும் வில்ஹெல்ம் ஹெர்மானும் இருந்தனர். இருவரும் அந்நாளில் சுவிட்சர்லாந்தின் சாஃபென்வில் கிராமத்தில் போதகராயிருந்த கார்ல் பார்த்தின் ஆசிரியர்கள். தம் ஆசிரியர்களின் பெயர்களை அப்பட்டியலில் கண்டதே அவர்களுடைய இறையியலின் மீது தாம் நம்பிக்கையிழந்ததற்குக் காரணம் என்று பார்த் பிற்காலத்தில் எழுதினார். (1957இல் அதை நினைவுகூர்ந்தபோது அவர் ஆகஸ்டு மாதம் என்றே குறிப்பிட்டார். மாபெரும் இறையியலாளர்க்கும் நினைவு பிசகும். மாணவர் மூல ஆவணங்களைத் தேடிப் படிக்க இதுவும் ஒரு காரணம்.) ஆங்கிலேயரும் இதற்குச் சளைத்தவரல்லர். இலண்டன் பேராயர் விண்ணிங்டன்-இங்கிராம் படைக்கு ஆள் சேர்க்கப் பிரசங்கித்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இது வரையில் ஐரோப்பாவின் கதை. அது நம் மண்ணுக்கு வந்த விதத்தை மாணவர் ஒருவரும் தொடவில்லை.

சீகன்பால்கு விதைத்த தரங்கம்பாடிப் பணியின் வழித்தோன்றலான தமிழ் லுத்தரன் சபைகளை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஜெர்மனியின் லைப்சிக் சங்கம் பராமரித்து வந்தது. போர் மூண்டதும் அதன் மிஷனெரிமார் பிரிட்டிஷ் அரசின் பார்வையில் பகைநாட்டுக் குடிகள் ஆயினர். முதலில் நடமாட்டத்திற்குத் தடை, பின்னர்க் காவல், 1915-16இல் கோல்கொண்டா என்னும் கப்பலில் நாடுகடத்தல். நேற்று வரை ஞானஸ்நானம் கொடுத்தவரும் பள்ளி நடத்தியவரும் இன்று கைதிகள். நாடுகடத்தியவர்களும் கிறிஸ்தவர்களே.

எஞ்சிய பணியை ஏற்றவர்கள் சுவீடன் மிஷனெரிமார். ஏன் சுவீடன்? லுத்தரன் விசுவாசத்தில் ஒத்தவர்கள், ஏற்கெனவே இங்கு உடன் உழைத்தவர்கள் என்பது ஒரு காரணம். அவர்கள் நாடு போரில் நடுநிலை வகித்தது என்பது மற்றொரு காரணம். அரசின் கண்ணுக்குத் தெரிந்தது இதுவே. ஆக, தஞ்சை மாவட்டத்துச் சபைகளுக்கு மேய்ப்பர் யார் என்பதில், ஸ்டாக்ஹோம் அரசு கையாண்ட வெளியுறவுக் கொள்கைக்கும் பங்கிருந்தது!

போர் முடிந்து வெர்சேல்ஸ் உடன்படிக்கை 1919இல் எழுதப்பட்டபோது, அதன் 438ஆம் பிரிவு ஜெர்மானிய மிஷன் சொத்துக்களைக் குறித்ததாயிருந்தது. அவற்றை அறப்பொறுப்பாளர் குழுக்களிடம் ஒப்படைத்து, அதே பணிக்கே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அவை போர் இழப்பீட்டுக் கணக்கில் கரைந்துபோகாதபடி ஓல்டம் அரும்பாடுபட்டார். அவ்வுழைப்பை நாம் குறைத்து மதிப்பிடோம். எனினும், நம் ஆலயங்களும் பள்ளிகளும் நின்ற நிலங்களின் உரிமை பாரிசுக்கு அருகில் ஓர் அரண்மனையில் தீர்மானிக்கப்பட்டது. அந்த ஆலயங்களில் தொழுதவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை.

போருக்குப் பின் அயல்நாட்டு மிஷன்கள் சட்டப்படி அமைந்த அரசுக்கு விசுவாசமாயிருப்பதாக உறுதியளிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. காந்தியடிகளோடு பழகிய ஓர் ஆங்கிலேயக் குவேக்கர் இளைஞரைத் தம் இல்லத்தில் தங்கவைத்த கெய்த்தான் என்னும் அமெரிக்க மிஷனெரி, 1930இல் மதுரையை விட்டே வெளியேற நேர்ந்தது இதன் தொடர்ச்சியே.

இதற்கிடையே, 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது. ஜெர்மானியர் மட்டும் இங்கேயே நீடித்திருந்தால் இது இத்தனை விரைவில் கைகூடியிருக்குமா என்பது ஐயமே. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர், "அப்படியானால் போருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டுமா, ஐயா?" என்று கேட்டார். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. பாரசீக அரசன் கோரேசைக் கருவியாகக் கண்ட ஏசாயா, அவனுடைய படையெடுப்புகளைப் புகழவில்லை என்பதை மட்டும் மறுநாள் சுட்டிக்காட்டினோம். அது அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவர் தம் கட்டுரையைத் திரும்ப வாங்கிச் சென்று, கடைசிப் பக்கத்தில் மூன்று ஆண்டுகளை எழுதிக் கொடுத்தார். 1919, தன்னாட்சி. 1921, முதல் பேராயராகச் சுவீடன் நாட்டு ஹாய்மான். 1956, சீகன்பால்கு கரையிறங்கிய 250ஆம் ஆண்டில், முதல் இந்தியப் பேராயராக இராஜா மாணிக்கம். அதன் கீழே ஒரு கேள்வி: "தன்னாட்சிக்கும் தமிழ்ப் பேராயருக்கும் இடையிலுள்ள 37 ஆண்டுகளில் அதிகாரம் யாரிடம் இருந்தது?" அதற்கு நாம் மதிப்பெண் இடவில்லை. அடுத்த பருவத்துக் கட்டுரைத் தலைப்பாக அதையே அறிவித்திருக்கிறோம்.