துணிக்குள் பேசிய விரல்கள்



ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று நம் செயலாளர் பணித்தபொழுது, ரயில்வே குமாஸ்தாவாகிய யான் எதை எழுதுவது என்று மலைத்தேன். வாய் பேசாமற் பேசும் பேச்சைப் பற்றியே எழுதலாம் என்று பிறகு தோன்றிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் நாகபுரியில் வந்து இறங்கியபொழுது எனக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பார்சல் ஆபீஸில் முதல் ஆறு மாதங்களை விரலாலும் புருவத்தாலுமே ஓட்டினேன். நம்மில் பலருக்கும் இக்கதை உண்டு.

உள்ளத்தில் எழுவது உடலில் தோன்றும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வைத்து, நகை முதலாக உவகை ஈறாக மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்தார். அவை தாமே தோன்றுவன. யான் கூற வந்ததோ, மனிதன் வேண்டுமென்றே கையாற் பேசிய பேச்சு. அதிலும் சந்தையிற் பேசிய பேச்சு.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் 1413 ஆம் ஆண்டில் புறப்பட்ட மா ஹுவான் என்னும் மொழிபெயர்ப்பாளர், கோழிக்கோட்டு வாணிகத்தைப் பற்றிச் சுவையான குறிப்புகளை விட்டுச் சென்றிருக்கிறார். சீனர் கொணர்ந்த பட்டுக்கும் பிற சரக்குக்கும் விலை முடிவானதும், அரசன் அதிகாரியும் செட்டியும் தரகரும் சீனரும் எல்லாரும் காணக் கைகோத்துக்கொள்வர். பின்னர் விலை ஏறினும் இறங்கினும் சொன்ன சொல் மாறுவதில்லையாம். அவ்வூரார் கணக்கிடுவதற்குக் கைவிரல் பத்தையும் கால்விரல் பத்தையும் தவிர வேறு கருவி கொள்வதில்லை என்றும், இம்மியும் பிழை செய்வதில்லை என்றும் அவர் வியக்கிறார். இரண்டும் இரண்டும் கூட்டக் கால்குலேட்டரைத் தேடும் எங்கள் ஆபீஸ் இளைஞர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அங்கே கை வெளிப்படையாக நின்றது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து அதே கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியர் லுடோவிகோ வார்த்தேமா, கை துணிக்குள் மறைந்ததைக் கண்டார். அவருடைய நூல் 1510 இல் ரோமாபுரியில் அச்சேறியது. எல்லாரும் வட்டமாக நிற்பர். தரகர் ஒரு கையில் துணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விற்பவன் வலக்கை விரல்களைப் பற்றித் துணியால் மூடுவார். ஒரு சொல்லும் எழாது; விரல் தொடுகையிலேயே எண்ணிக்கை இலட்சம் வரை செல்லும். பிறகு அவ்வாறே வாங்குபவன் கையையும் பற்றுவார். இருவர் கையையும் அறிந்தவர் தரகர் ஒருவரே என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

17 ஆம் நூற்றாண்டில் வைரச் சுரங்கங்களைக் காண வந்த பிரெஞ்சு இரத்தின வணிகர் தாவெர்னியே, 1676 இல் வெளியான தம் நூலில் இதன் அகராதியையே தந்துவிட்டார். முழுக் கையைப் பற்றினால் ஆயிரம்; ஐந்து விரலைப் பற்றினால் ஐந்நூறு; ஒரு விரல் நூறு; நடுக்கணு வரை பாதி விரல் ஐம்பது; நுனி மட்டும் பத்து. பற்றும் தடவைக்கு ஏற்பத் தொகை பெருகும். சுற்றிலும் கூட்டம் இருந்தும், என்ன விலைக்கு முடிந்தது என்பது ஒருவருக்கும் தெரியாதாம்.

இம்முறை இத்துணைக் காலம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. பல மொழியினர் கூடும் துறையில் எண்ணுக்கு மொழி வேண்டுவதில்லை. பேரம் முறிந்தாலும் பலர் முன் மானம் போவதில்லை. பக்கத்துக் கடைக்காரனுக்கு நம் விலை தெரியாது. ஆனால் அந்த மறைவு யாருக்கு உதவிற்று என்பதை யான் நூலிற் படித்து அறியவில்லை.

1990 ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. திருச்சி மாவட்டத்துச் சந்தை ஒன்றுக்கு என் தகப்பனார் ஓர் உழவுமாட்டு ஜோடியை ஓட்டிச் சென்றார். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கைமேற் போட்டார். சிறிது நேரம் சென்று, "அண்ணே, இதற்குமேல் எவனும் தரமாட்டான்" என்றார். ஐயாயிரத்து இருநூறுக்கு முடிந்தது. தரகர் பணத்தை வாங்கி எண்ணிக் கொடுத்தார். மாலையில் டீக்கடையில், மாட்டை வாங்கியவரே தாம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் கொடுத்ததாகப் பேச்சுவாக்கிற் சொன்னார். தகப்பனார் டீயைக் கீழே வைத்துவிட்டார். தரகரைத் தேடியபொழுது அவர் சந்தையில் இல்லை. வீடு வரை எட்டு மைல். ஒரு சொல்லும் பேசாமல் நடந்து வந்தோம்.

இக்குறை நாடெங்கும் உணரப்பட்டதே. நம் நாகபுரிக்கு மேற்கே காரஞ்சாவில் 1886 லேயே ஒழுங்குபடுத்திய பருத்திச் சந்தை ஏற்பட்டது. 1897 இல் பேராருக்குச் சட்டம் வந்தது. ராயல் விவசாயக் கமிஷனும் தன் 1928 ஆம் ஆண்டு அறிக்கையில் இத்தகைய சந்தைகளை நாடெங்கும் வேண்டிற்று. சென்னை மாகாணச் சட்டம் 1933 இல் பிறந்தது. ஒழுங்குமுறைச் சந்தைகளில் ஏலம் வாய்விட்டுக் கூறப்படுவது; துண்டுக்கு வேலையில்லை. மாட்டுச் சந்தைகளுக்கோ அவ்வொழுங்கு எளிதில் எட்டவில்லை.

தகப்பனார் அதன்பின் தரகர் துண்டுக்குள் கை நீட்டியதில்லை. தெரிந்தவர்க்கே விற்றார், சில வேளை குறைந்த விலைக்கும். ஆயினும் விரற்கணக்கை எனக்குக் கற்பித்தார். சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபொழுது, திண்ணையில் அமர்ந்திருந்தவர் தம் துண்டை என் கைமேற் போட்டு, "எத்தனை நாள் லீவு?" என்றார். அவருடைய ஐந்து விரலையும் ஒருமுறை பற்றினேன். அவர் விடாமல் இன்னொரு முறை பற்றச் சொன்னார்.