பக்கவாதமும் நடை மீட்பும்

பக்கவாதம் கண்ட ஒருவரின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கால் செத்துப் போயிற்று" என்று சொல்வது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். முன்னோர் இந்நோயைப் பாரிசவாயு என்றும் வழங்கினர். உடலின் ஒரு பாரிசத்தில், அதாவது ஒரு பக்கத்தில், வாயு புகுந்து அதனை முடக்கிவிடுகிறது என்பது அப்பெயரின் கருத்து. உண்மையில் நோய் காலில் இல்லை. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் அடைபட்டோ வெடித்தோ, கை கால்களுக்குக் கட்டளை அனுப்பும் பகுதி அழிந்துபடுகிறது. காலின் எலும்பும் தசையும் நரம்பும் முன்போலவே இருக்கின்றன, கட்டளைதான் வரவில்லை. இடப்புற மூளை கெட்டால் வலக்காலும், வலப்புற மூளை கெட்டால் இடக்காலும் விழுகின்றன.

மூளையில் குருதி கசிவதால் இந்நோய் தோன்றக்கூடும் என்பதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர் 1658ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஆயினும், அதற்குப் பின் நெடுங்காலம் சிகிச்சை என்னவோ காலுக்கே நடந்தது! அறிந்த உண்மை நடைமுறைக்கு வர எத்தனை தலைமுறை பிடிக்கும் என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்று.

சுவீடன் நாட்டினரான லிங் என்பார் 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். உடலை உருவியும் மூட்டுகளை அசைத்தும் நோய் தீர்க்கும் முறை அங்கிருந்து ஐரோப்பா எங்கும் பரவிற்று. லண்டனில் 1894இல் நான்கு தாதியர் கூடி, முறையாகப் பயின்ற உருவுநர்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். உருவுதல் என்ற பெயரால் நகரில் வேறு தொழில்கள் நடந்து பழி சேர்ந்திருந்த காலம் அது. தம் தொழிலின் மானத்தைக் காக்கவே அவர்கள் கூடினர். பிசியோதெரபி என்று இன்று வழங்கும் இயன்மருத்துவத்தின் பிரிட்டிஷ் சங்கம் இதிலிருந்து வளர்ந்ததே. 1944இல்தான் அது அப்பெயரைப் பெற்றது.

அந்நாளைய முறையில் நோயாளி படுத்திருப்பார். பிறர் அவர் காலைத் தூக்குவர், மடக்குவர், நீட்டுவர், உருவுவர். மூட்டு இறுகாமல் இருக்க இது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நடை வருவதற்கு இது மட்டும் போதாது. மாணவனின் கையைப் பற்றி ஆசிரியரே நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தால் பலகையில் எழுத்து அழகாக விழும். பையனுக்கு எழுத்து வருமா?

இந்த இடத்தில் ஃபிரெங்கல் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவரைக் குறிப்பிட வேண்டும். அவர் கவனித்தவர்கள் பக்கவாதக்காரர்கள் அல்லர். தண்டுவடம் கெட்டு, கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வையே இழந்து தள்ளாடியவர்கள். அவர்களுள் ஒருவரைச் சோதிக்கையில், விரலால் மூக்கைத் தொடுமாறு மருத்துவர் பணித்தார். அவரால் இயலவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது செம்மையாகத் தொட்டார். காரணம் வினவியபோது, அந்தச் சோதனையில் தேறவேண்டும் என்று வீட்டில் பயின்று வந்ததாகச் சொன்னாராம்! நோயாளி பரீட்சைக்குப் படித்த இந்நிகழ்ச்சியே ஃபிரெங்கலின் கண்ணைத் திறந்தது. தரையில் அடையாளமிட்டு, எண்ணிக்கை சொல்லி, கண்ணால் பார்த்துக்கொண்டே அடிவைக்கும் பயிற்சிகளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வகுத்தார். இழந்த இயக்கத்தைத் திரும்பக் கற்கலாம் என்ற எண்ணம் மருத்துவத்தில் தெளிவாகத் தலைகாட்டியது அங்கேதான் எனலாம்.

அமெரிக்காவில் ஃபிரான்ஸ் என்னும் உளநூல் அறிஞர் இதனைப் பக்கவாதத்திற்கே கொண்டுவந்தார். பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்த நோயாளிகளும் பயிற்சியால் ஓரளவு மீள்வர் என்று அவரும் துணைவர்களும் 1915இல் எழுதினர். 1917இல் ஆக்டன் என்பாருடன் சேர்ந்து குரங்குகளை வைத்து அவர் ஆராய்ந்தார். மூளையின் இயக்கப் பகுதி கெட்ட குரங்கைச் சும்மா விட்டால், அது நல்ல கையையே பயன்படுத்தி, வாதமுற்ற கையை அறவே மறந்துவிடும். நல்ல கையைக் கட்டி, கெட்ட கையைப் பயன்படுத்தும்படி செய்தால், சில வாரங்களில் அக்கை பெரிதும் தேறிற்று. கையைப் பற்றிய சோதனை இது. எனினும் காலுக்கும் இதில் பாடம் உண்டு. பயன்படுத்தாமை என்பதே ஒரு பழக்கமாகிவிடுகிறது. அப்பழக்கம் நோயின்மேல் இன்னொரு நோயாகப் படிகிறது.

இத்துணைத் தெளிவான முடிவு அரை நூற்றாண்டு அளவும் கேட்பாரற்றுக் கிடந்தது. வளர்ந்தவர் மூளையில் நரம்பு அழிந்தால் அழிந்ததே என்ற கொள்கை அந்நாளில் மிக வலுவாக வேரூன்றியிருந்தது. மீளாது என்று நம்பிய ஒன்றிற்கு யார் பயிற்சி கொடுப்பர்? ஆகவே நோயாளியைப் படுக்கையில் கிடத்தினர். ஓய்வே மருந்து என்றனர். படுக்கையில் கிடப்பவருக்குக் காலில் குருதி உறையும், சதை கரையும், முதுகில் புண் வரும் என்று ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர் 1947இல் படுக்கையின் ஆபத்துகளைக் குறித்தே ஒரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. எழுந்து நடக்க முயன்றவர்க்கும் நல்ல பக்கத்தை வலுப்படுத்தி, அப்பக்கக் கையில் ஊன்றுகோலும், விழுந்த காலுக்கு இரும்புச் சட்டமும் கொடுத்து அனுப்பினர். ஒருவகை நடை வந்தது. ஆனால் பாதம் தொங்கும், முழங்கால் மடங்காது, இடுப்பைத் தூக்கிக் காலை அரைவட்டமாய் வீசி இழுத்து நடக்கவேண்டும்.

இம்முறையை மறுத்தவர்களுள் தலையாயவர் பெர்ட்டா போபாத் என்னும் பெண்மணி. பெர்லினில் 1907இல் பிறந்து உடற்பயிற்சி ஆசிரியையாய் இருந்தவர். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி லண்டன் சேர்ந்தவர். 1940களில் சைமன் எல்வெஸ் என்ற பேர்பெற்ற ஓவியருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. அவருக்குச் சிகிச்சையளித்தபோது, விறைத்துக் கிடந்த உறுப்பைச் சில நிலைகளில் வைத்தால் அவ்விறைப்பு தளர்வதைப் பெர்ட்டா கண்டார். வாதமுற்ற பக்கத்தை ஒதுக்கிவிட்டு நல்ல பக்கத்தை மட்டும் பழக்குவது தவறு என்பது அவர் முடிபு. விறைப்பைத் தணித்து, சிகிச்சையாளர் தம் கைகளாலேயே சரியான அசைவை வழிநடத்த வேண்டும் என்றார். அவர் கணவர் கரேல் போபாத், மருத்துவர். அதற்கு நரம்பியல் விளக்கம் தந்தார். எல்வெஸ் பின்னர் இடக்கையால் ஓவியம் தீட்டக் கற்றுக்கொண்டார் என்பது வேறு கதை.

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே பிரன்ஸ்ட்ராம் அம்மையார் மற்றொரு வழி கண்டார். விழுந்த கால் முதலில் துவண்டு கிடக்கும், பிறகு விறைக்கும், நீட்ட முயன்றால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒருசேர நீளும், மடக்க முயன்றால் மூன்றும் ஒருசேர மடங்கும். படிப்படியாகவே இக்கூட்டு உடைந்து, முழங்காலை மட்டும் தனியே மடக்கும் திறன் வரும். இதனை அவர் ஆறு நிலைகளாக வகுத்தார். அந்தக் கூட்டு அசைவையே தொடக்கப் படியாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. கூடவே கூடாது, கெட்ட பழக்கம் படிந்துவிடும் என்பது போபாத் கட்சி. இருவர் நூல்களும் 1970இல் வெளிவந்தன. மாணாக்கர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். எழுத்தை முதலில் கற்பிப்பதா சொல்லை முதலில் கற்பிப்பதா என்ற வாதத்தை அறிந்த ஆசிரியர்களுக்கு இச்சச்சரவின் சூடு எளிதில் விளங்கும்.

இவ்விரு கட்சியிலும் சேராத ஒரு நிகழ்ச்சி 1950களின் இறுதியில் நடந்தது. நியூயார்க் சிட்டி கல்லூரியில் பணியாற்றிய பெத்ரோ பாக்கி ரீத்தா என்ற பேராசிரியர், அறுபது வயதைக் கடந்த நிலையில் பக்கவாதத்தால் வீழ்ந்தார். சில வாரப் பயிற்சியில் பயன் காணாமையால் மருத்துவர்கள் கைவிரித்தனர். மெக்சிகோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அவர் மகன் ஜார்ஜ், தந்தையைத் தம்மிடம் அழைத்துச் சென்றார். இயன்மருத்துவ முறை எதுவும் ஜார்ஜ் அறியார். குழந்தை நடக்கக் கற்பது எப்படியோ அப்படியே தொடங்குவோம் என்று, தந்தையைத் தரையில் தவழவிட்டார்! விழுந்த பக்கத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் தவழ்ந்தார் பேராசிரியர். படித்த மனிதரை நாய்போல் தவழவிடுவதா என்று அண்டை அயலார் ஏசினர். தவழ்ந்தவர் மண்டியிட்டார், மண்டியிட்டவர் நின்றார், நின்றவர் நடந்தார், மீண்டும் கல்லூரிக்குச் சென்று பாடம் நடத்தினார்.

பல ஆண்டுகளுக்குப் பின் மலையேறும்போது மாரடைப்பால் அவர் இறந்தார். இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, இயக்கக் கட்டளை இறங்கிவரும் நரம்புப் பாதையின் மிகப் பெரும்பகுதி அழிந்தபடியே இருப்பது தெரிந்தது. அழிந்தது மீளவில்லை, எஞ்சிய மூளை வேறு வழியில் அவ்வேலையைக் கற்றுக்கொண்டது. மூத்த மகன் பால், மூளை நூல் அறிஞர். வளர்ந்தவர் மூளையும் மாறவல்லது என்ற கொள்கையை நிலைநாட்டுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஒருவர் கதையைக் கொண்டு எல்லார்க்கும் விதி வகுத்தல் ஆகாது என்பது மெய்தான். ஆனால் "இயலவே இயலாது" என்ற விதியைத் தகர்க்க ஒருவர் போதுமல்லவா?

சிட்னி நகரத்து ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் என்னும் இருவர் 1982இல் வெளியிட்ட நூல், இச்சிகிச்சையைக் கற்பித்தல் என்றே வெளிப்படையாகக் கூறியது. நடை வேண்டுமாயின் நடையைப் பயிற்றுக. நாற்காலியிலிருந்து எழ வேண்டுமாயின் நாற்காலியிலிருந்து எழுவதையே பயிற்றுக. கட்டிலில் படுத்துக் காலை ஆட்டுவது நடை ஆகாது என்பது அதன் சாரம். கட்சிச் சண்டைக்கு ஒருவகைத் தீர்ப்பு 2014இல் வந்தது. உலகெங்கும் நடந்த 96 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றியவற்றை, ஒருங்கே சீர்தூக்கிய அறிஞர் குழு, எந்த ஒரு முறையும் மற்றொன்றினும் சிறந்ததாகத் தெரியவில்லை என்றது. பயிற்சி பெற்றோர் பெறாதவரினும் மேம்பட்டனர் என்றும் கூறிற்று.

எந்திரங்களும் வந்தன. 1961இல் லிபர்சன் என்பார், முழங்காலருகே ஓடும் நரம்பில் மின்சாரம் பாய்ச்சித் தொங்கும் பாதத்தைத் தூக்கும் கருவியைச் செய்தார். குதிகால் தரையை விட்டு எழும்போது செருப்பிலுள்ள விசை அதனை இயக்கும். தண்டுவடம் அறுபட்ட பூனையிடமும் நடைத்தாளம் தோன்றும் என்பதைக் கிரஹாம் பிரௌன் 1911இலேயே காட்டியிருந்தார். அத்தகைய பூனைகளை ஓடும் பட்டையின்மேல் பழக்கி மீண்டும் நடக்கவைத்தனர் கனடா அறிஞர். அதைப் பார்த்து 1990களில் பெர்லினில் ஹெசே என்பார், பக்கவாதக்காரரை வாரால் மேலிருந்து தாங்கி, பாரம் குறைத்து, பட்டைமேல் நடக்கவைத்தார். டிரெட்மில் என்ற பெயர் 1818இல் இங்கிலாந்துச் சிறைகளில் கைதிகளை வருத்த அமைத்த மிதிசக்கரத்திற்கு உரியது என்பதை எண்ணினால் வியப்பாயிருக்கும்.

மக்கள் பேராவலோடு எதிர்பார்த்த இம்முறையை, பமேலா டங்கன் தலைமையில் 408 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் சோதித்து 2011இல் முடிவு வெளியிட்டனர். ஒரு சாராருக்குப் பட்டைமேல் நடை. மறு சாராருக்கு வீட்டிலேயே, சிகிச்சையாளர் மேற்பார்வையில் கால் வலுவுக்கும் சமநிலைக்கும் எளிய பயிற்சி. ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தனர். மொத்தத்தில் நூற்றுக்கு 52 பேர் நடையில் மேல்நிலை எய்தினர். கடுமையாகத் தாக்குண்டவர்களில், தொடக்கத்திலேயே பட்டைமேல் ஏறியோர் பலமுறை விழவும் செய்தனர். விலைமிக்க எந்திரம் வாங்க இயலாத ஊருக்கு இதனினும் நல்ல செய்தி வேறில்லை.

அப்படியாயின் குறை எங்கே? எண்ணிக்கையில். வட அமெரிக்காவில் ஏழு இடங்களில் 312 சிகிச்சை வேளைகளை நேரிலிருந்து கணக்கிட்டு, 2009இல் வெளியிட்டனர். ஒரு வேளையில் நோயாளி வைத்த அடிகள் சராசரி 357! நலமுள்ள மனிதன் வீட்டுக்கும் கடைக்கும் நடப்பதிலேயே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அடி வைக்கிறான். முந்நூற்றைம்பது அடியில் மூளை புதுவழி கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, வாரத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்து திருந்தவில்லை என்று கடிந்துகொள்வது போன்றது. வீட்டாரின் பரிவும் இங்கே இடையூறாகிறது. தண்ணீர் வேண்டுமா, இதோ. கழிவறைக்கா, தூக்கிச் செல்கிறோம் என்று ஓடிவந்து உதவும் அன்பினால், நோயாளி அன்றைக்கு வைத்திருக்கக்கூடிய அடிகள் ஒவ்வொன்றாய்க் கழிகின்றன.

மிகுதியே நன்று எனின், முதல் நாளிலேயே தொடங்கி மிகுதியாகச் செய்தால் இன்னும் நன்றல்லவா என்ற வினா எழுந்தது. ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் ஐந்து நாடுகளின் 56 மருத்துவமனைகள் இதனை ஆராய்ந்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வைந்தில் அடங்கும். 2,104 நோயாளிகளில் ஒரு பாதியினரை, நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, வழக்கத்தினும் மிகுதியாக உட்கார, நிற்க, நடக்கச் செய்தனர். மறு பாதியினர்க்கு வழக்கமான கவனிப்பு. 2015இல் வந்த முடிவு எல்லாரையும் திகைக்கவைத்தது. மூன்று மாதம் கழித்துத் தம் காரியத்தைத் தாமே பார்க்கும் நிலையை எய்தியோர், வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 50, மிகுபயிற்சியில் 46.

அதே கணக்குகளை மறு ஆண்டு மேலும் ஆராய்ந்தபோது ஒரு நுட்பம் புலப்பட்டது. ஒரு நாளில் மொத்த நிமிடங்கள் கூடக்கூட நலன் குறைந்தது. எழுப்பும் தடவைகள் கூடக்கூட நலன் மிகுந்தது. அரைமணி நேரம் ஒருசேர நிற்கவைப்பதைவிட, சில நிமிடமாகப் பலமுறை எழுப்பி அமர்த்துவது முதல் நாட்களில் ஏற்றது என்னும் கருத்து அதிலிருந்து பிறந்தது. 2016இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவ நெறிமுறை, முதல் 24 மணி நேரத்துக் கடும்பயிற்சியை விலக்கியது. நோயாளியை வாரக்கணக்கில் கிடத்தி வைக்கும் பழைய வழக்கத்திற்கு அந்நெறிமுறையில் இடமில்லை.