மட்ச் பார்க்க வராத அப்பாமார்

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து மட்ச் பார்க்க ஆர் ஆர் போவினம்? பழைய மாணவர் போவார்கள். படிக்கிற பெடியள் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போவார்கள். மதிலில் குந்தியிருக்கவென்றே ஒரு கூட்டம் போகும். கச்சான் விற்கிற ஆச்சியும் போவா. விளையாடுகிற பெடியனின் அப்பா அம்மா மட்டும் போகமாட்டார்கள். அதிலும் வேற்றுப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் மட்ச் என்றால் கேட்கவே வேண்டாம். பெடியன் பொழுதுபட்டபிறகு முழங்காலில் காயத்தோடு வந்து நிற்கும்போதுதான் அப்படி ஒன்று நடந்ததே வீட்டுக்குத் தெரியவரும்.

இங்கே ரொறொன்ரோவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். "அப்ப உங்கட அப்பாவுக்கு உங்களில விருப்பமில்லையோ?" என்று என் மகள் கேட்டாள். விருப்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைப் பிள்ளை, இது சரித்திரம் என்றேன். "எல்லாத்துக்கும் ஒரு சரித்திரம் வச்சிருப்பியள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்காமல் போனதை நீங்களாவது கேளுங்கள்.

பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடமும் மோதுகிற இந்த வழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. 1805 இல் லண்டன் பழைய லோர்ட்ஸ் மைதானத்தில் ஈற்றனும் ஹறோவும் கிரிக்கெட் ஆடின. பிறகு பெரிய கவிஞராகப் பேர் எடுத்த பைரன் அன்று ஹறோ அணியில் ஆடினார். விக்ரோறியா மகாராணி காலத்தில் இந்த மட்ச் லண்டன் சீமான்களின் தேர்த்திருவிழா மாதிரி. எல்லைக்கோட்டைச் சுற்றிக் குதிரை வண்டிகள், புது உடுப்பும் குடையுமாகத் தாய்மார், தமக்கைமார். அந்த ஒரு நாளைக்குத்தான் அவ்வளவு கூட்டம். மற்ற நாட்களில் மகன் எந்த ஊரில் எவனோடு விளையாடுகிறான் என்று பெற்றோர் போய்ப் பார்ப்பதில்லை. பார்க்கவும் ஏலாது, ஏனென்றால் அவை விடுதிப் பள்ளிக்கூடங்கள். பெடியனைப் பெட்டியோடு கொண்டுபோய் விட்டால் விடுமுறைக்குத்தான் திரும்பக் காணலாம். இடைப்பட்ட காலத்துக்குப் பள்ளிக்கூடம்தான் தகப்பன், விடுதி மாஸ்டர்தான் தாய். அவன் சாப்பிட்டுப் படுத்து எழும்புகிற கட்டடம்தான் அவனுடைய 'ஹவுஸ்'.

இந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து எங்கள் ஊரில் நட்டார்கள். 1879 இல் கொழும்பு அக்கடமியும் (இன்றைய றோயல்) சென். தோமஸும் ஆடிய முதல் மட்சில் மாணவரோடு மாஸ்டர்மாரும் சேர்ந்து ஆடினார்கள். அதற்கு அடித்தளம் போட்டவர் அக்கடமியில் படிப்பித்த ஆஷ்லி வோக்கர். அடுத்த வருடத்திலிருந்து மாணவர் மட்டும். வடக்கில் வெஸ்லியன் மிஷனின் மத்திய கல்லூரியும் அங்கிலிக்கன் மிஷனின் சென். ஜோன்ஸும் 1904 இல் தொடங்கியதுதான் பிறகு 'வடக்கின் பெருஞ்சமர்' ஆனது. அதைப் பார்த்து மகாஜனாவும் ஸ்கந்தவரோதயாவும், சென். பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் என்று ஆளுக்கொரு சமர்.

'ஹவுஸ்' என்பதை 'இல்லம்' என்று மொழிபெயர்த்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். அந்த இல்லத்தில் ஒருத்தரும் குடியிருந்ததில்லை! எங்களில் அனேகம்பேர் பத்து நிமிஷத்தில் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற ஆட்கள். ஆனாலும் பள்ளிக்கூட மைதானம் பெற்றோருக்குரிய இடம் இல்லை என்ற எண்ணம் மட்டும் விடுதியில்லாத பள்ளிக்கூடங்களுக்கும் சேர்ந்து வந்துவிட்டது. பெற்றோர் இருக்கவேண்டிய இடத்தில் பழைய மாணவர் வந்து இருந்துகொண்டார்கள். கொட்டில் போடுவதும், பாண்ட் பிடிப்பதும், நடுவரைத் திட்டுவதும் அவர்களுடைய உரிமை. சொந்தப் பிள்ளை விளையாடினாலும் சரி, விளையாடாவிட்டாலும் சரி, அவர்கள் பார்ப்பது பள்ளிக்கூடத்தின் பேரை.

ஒரேயொரு நாள் விலக்கு. இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி. அதற்கு அழைப்பிதழ் அடித்து அனுப்புவார்கள், ஆகவே பெற்றோர் வருவார்கள். தென்னோலையும் வாழையும் கட்டி இல்ல அலங்காரம், அணிநடை, வினோத உடை. கடைசியில் பெற்றோருக்கும் ஒரு போட்டி இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற அப்பாமாரையும் சங்கீதக் கதிரைக்கு அடிபடுகிற அம்மாமாரையும் பார்த்துப் பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரிக்கும். அடுத்தநாள் தொடக்கம் திரும்பவும் மைதானம் எங்களுடையது, வீடு அவர்களுடையது.

வெளி மட்ச் என்பது தனி உலகம். தட்டிவானை வாடகைக்குப் பிடித்து, உள்ளே அணி, பின்தட்டில் தொங்கிக்கொண்டு ஆதரவாளர். போகிற வழியெல்லாம் பாட்டு. இரண்டு சோடி பாட்டைப் பதினொரு பேர் மாற்றி மாற்றிக் கட்டவேணும். இடைவேளையில் அந்தப் பள்ளிக்கூடம் பிளேன்ரீயும் பணிசும் தரும். வென்றால் கல்லெறி வாங்கிக்கொண்டு வருவோம், தோற்றால் பேசாமல் வருவோம். அப்பா இதைப் பார்க்க வந்திருந்தால் எங்கள் மானம் போயிருக்கும் என்பதுதான் உண்மை. பெட்டையளின் வலைப்பந்தாட்ட அணி வெளியே போனால் மட்டும் பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் நாலைந்து அப்பாமார் சைக்கிளோடு நிற்பார்கள். மைதானத்துக்கு வந்ததில்லை, வாசலுக்குத்தான் வந்தார்கள்.

1971 இல் தரப்படுத்தல் வந்தபிறகு இந்த இடைவெளி இன்னும் கூடியது என்பது என் அபிப்பிராயம். ஒரு புள்ளியில் கம்பஸ் வாழ்க்கை போய்விடும் என்ற பயம் வந்த வீட்டில், பின்னேரம் ரியூசனுக்குப் போகாமல் பந்துக்குப் பின்னால் ஓடுகிறவனைப் போய் நின்று கைதட்டுவார்களா? கண்டும் காணாமல் விட்டதே பெரிய காரியம்.

அதன்பிறகு போர். மத்திய கல்லூரி மைதானம் கோட்டைக்குப் பக்கத்தில். 1981 இல் எரித்த நூலகமும் அங்கேதான். எண்பதுகளின் நடுவில் கோட்டையிலிருந்து ஷெல் வரத் தொடங்கியபின் அந்தப் பக்கம் மட்ச் என்ன, சும்மா நடந்துபோகவே ஆட்கள் யோசித்தார்கள். பெருஞ்சமர் நடக்காமற்போன வருடங்களும் உண்டு. 1984 அளவில் வேறொரு பயமும் வந்தது. வெளி மட்சுக்கு என்று சொல்லிவிட்டுப் போன பெடியன் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டான் என்ற கதை எல்லா ஊரிலும் இருந்தது. தாய்மார் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நிற்கத் தொடங்கியது அப்போதுதான். ஸ்கோர் கேட்க இல்லை, எண்ணிக்கை பார்க்க. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்களா என்று. மட்ச் பார்க்க வராத பெற்றோர் என்று நான் எழுதிக்கொண்டு போகிறேனே, இந்தத் தாய்மாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1990 இல் ஏ9 பாதை மூடப்பட்டது. குடாநாட்டுக்கு வெளியே போய் விளையாடுவது என்பதே இல்லாமல் போனது. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. வடக்குக் கரையோரப் பள்ளிக்கூடங்களின் கதை இன்னும் மோசம். உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதால் அவை வேறு பள்ளிக்கூடங்களில், கொட்டில்களில் நடந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990 இல் இடம்பெயர்ந்தது, சொந்த இடத்துக்குத் திரும்பியது 2016 இல். யோசித்துப் பாருங்கள், அந்த இருபத்தாறு வருடத்தில் அங்கே படித்த ஒரு பிள்ளைக்குச் சொந்த மைதானம் என்று ஒன்று இருந்ததில்லை. எல்லா மட்சும் வெளி மட்ச். 2002 இல் பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் திரும்ப மூடியது, போர் முடிந்தபிறகுதான் மறுபடி திறந்தது.

சரி, இங்கே வருவோம். கனடாவில் அப்பாமார் மைதானத்தில் நிற்பார்கள் என்று நாங்கள் படத்தில் பார்த்தது பெரும்பாலும் பக்கத்து நாட்டுக் கதை. அமெரிக்காவில் 1892 இல் பென்சில்வேனியாவின் மான்ஸ்ஃபீல்டில் முதன்முதல் மின்விளக்கில் இரவு ஃபுட்போல் ஆடிப் பார்த்தார்கள். வெளிச்சம் காணாமல் அரைவாசியில் நிறுத்தவேண்டி வந்தது. ஆனால் பிறகு ஊர் ஊராக விளக்குக் கம்பம் வந்தபோது, பகலில் ஆலையிலும் கடையிலும் நிற்கிற தகப்பன் வெள்ளி இரவு மகனின் ஆட்டத்துக்கு வரலாம் என்றானது. ஒஹாயோவில் மாசிலன் என்ற இரும்பு ஆலை ஊரில், பிறக்கிற ஆண்குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு குட்டிப் பந்து கொடுக்கிற வழக்கம் இருந்தது! பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் 1972 இல் ரைற்றில் ஒன்பது என்ற சட்டம் வந்தபிறகுதான். அதற்கு முந்திய பள்ளி ஆண்டில் உயர்பள்ளி அணிகளில் ஆண்கள் 36 இலட்சத்துக்கு மேல், பெண்கள் 3 இலட்சமும் இல்லை.

ஒன்ராறியோவில் அப்படியில்லை. இங்கே மாகாணம் முழுவதுக்குமான பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1948 இல் தொடங்கியது. அன்றும் இன்றும் பயிற்சி கொடுப்பது பெரும்பாலும் ஆசிரியர்கள், அதுவும் சம்பளமில்லாமல். ஆகவே அனேகமான மட்சுகள் பள்ளிக்கூடம் விட்டவுடன், கிழமை நாளில், பின்னேரம் மூன்று மூன்றரைக்கு. அந்த நேரத்தில் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? எங்களில் காலை ஷிஃப்ட்காரன் அப்போதுதான் கார்ட் அடித்து வெளியே வருவான், பின்னேர ஷிஃப்ட்காரன் அடித்து உள்ளே போவான். ஆசிரியர்களின் இந்த இலவச உழைப்பை 2000 இல் அன்றைய அரசு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வரவேயில்லை. 2012 இல் வேறொரு அரசு சட்டம் 115 மூலம் சம்பள ஒப்பந்தத்தைத் திணித்தபோது ஆசிரியர்கள் விளையாட்டிலிருந்து கையை எடுத்தார்கள். பல பள்ளிக்கூடங்களில் அந்தக் குளிர்காலத்து மட்சுகளே இல்லை. பிள்ளைகள் பாவம்தான். ஆனால் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலையை நிறுத்துகிற உரிமையும் இல்லையென்றால் அது என்ன உரிமை? 2016 இல் நீதிமன்றம் அந்தச் சட்டம் சாசனத்துக்கு முரண் என்றே சொன்னது.

மகளின் வீட்டு மட்ச் ஒன்றுக்கு வேலையிடத்து மலையாளி நண்பரோடு ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போனேன். (பதிலுக்கு அவருடைய ஞாயிறு என் தலையில்.) உள்ளரங்கில் எங்கள் பக்கம் நாலு பேர். எதிர்ப் பள்ளிக்கூடம் எற்றோபிக்கோவிலிருந்து, அவர்கள் பக்கம் ஒருத்தரும் இல்லை. அந்த நாலில் ஒருவர் எங்கள் ஊர் அம்மம்மா ஒராள், சேலைக்கு மேல் பெரிய ஜக்கெற். பேத்தியைக் கூட்டிப்போக வந்து உள்ளே இருந்துவிட்டா. யார் வெல்லுறது என்று நான் கேட்டதற்கு, "அது தெரியாது தம்பி, பிள்ளை பதினேழு தரம் பந்தைத் தொட்டிட்டாள்" என்றா. இவ்வளவு நுணுக்கமாக ஸ்கோர் வைத்த ஆளை நான் பெருஞ்சமரிலும் கண்டதில்லை.

ஆனால் எல்லாப் பெற்றோரும் அந்த அம்மம்மா மாதிரி இல்லை. 2000 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிள்ளைகளின் ஐஸ்ஹொக்கிப் பயிற்சியில் வாக்குவாதம் முற்றி ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனை அடித்ததில் அவர் இறந்தே போனார். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 2008 இல் 'மரியாதை' இயக்கம் தொடங்கி, பெற்றோர் கோட்டை நெருங்காதபடி கயிறு கட்டச் சொன்னது. முதலில் வரச்சொல்லி அழைப்பிதழ், பிறகு தள்ளி நில்லென்று கயிறு!

நோர்வேயில் இருக்கிற என் மச்சான் வேறு கதை சொல்லுவான். அங்கே பள்ளிக்கூட அணி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் ஊர்க் கழகம். சிறுபிள்ளைகளின் ஆட்டத்தில் ஸ்கோர் அட்டவணை போடக்கூடாது என்ற மாதிரி விதிகளை 1987 இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். 2007 இல் பிள்ளைகளின் உரிமைகள் என்று அதை விரித்தார்கள். பெற்றோர் வந்து கத்துவதற்குப் பதிலாக வேலை செய்யவேணும். ஊர்வேலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'டுக்னாட்', எங்கள் கோயில் சிரமதானம் மாதிரி. மச்சான் மூன்று வருடம் மைதானத்தில் வாஃபிள் சுட்டு விற்றான். மகன் அடித்த கோல் ஒன்றையும் காணவில்லை, மா கரைத்துக்கொண்டு நின்றானாம்.

பெருஞ்சமர் இப்போது இணையத்தில் நேரடியாக வருகிறது. மார்ச் மாதம், அங்கே விடிந்து ஆட்டம் தொடங்க இங்கே இரவு பதினொன்று பன்னிரண்டாகும். பழைய மாணவர் நாங்கள் குளிருக்குப் போர்த்துக்கொண்டு போனுக்கு முன்னால் இருக்கிறோம். படம் அடிக்கடி நின்றுவிடும். நிற்கும்போது கோட்டைப் பக்கத்துக் கூட்டத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். நான் ஆட்களின் முகங்களைப் பார்ப்பேன். எங்களைப்போல நரைத்த ஆட்கள், ரீசேர்ட் போட்ட பெடியள், குடை பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு பெண்கள். அவர்கள் யாருடைய அம்மா என்று வர்ணனையாளர் சொல்வதில்லை.